சப்டி மாதிரியை நர்ப்ஸாக மாற்றுதல்: கேட் பணிக்குப் புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் உருவாக்கிய ஒரு டிரில் மெஷினின் மேலுறையை, பிளாஸ்டிக் அச்சு செய்யும் டூல் ரூமுக்கு அனுப்பினால், அங்கிருந்து வரும் முதல் கேள்வி பெரும்பாலும் ‘ஸ்டெப் கோப்பு இல்லையா?’ என்பதாகவே இருக்கும். ஸ்டெப் என்பது கேட் (கணினிவழி வடிவமைப்பு) மென்பொருள்கள் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் கோப்பு வகை. எஸ்டிஎல் கோப்போ ஓபிஜே கோப்போ அவர்களுக்கு அதிகம் உதவாது. தட்டையான சிறு முகங்களால் ஆன உருவத்தில் அச்சின் பிரிகோட்டை (இரு பாதிகளும் பிரியும் கோட்டை) வகுப்பதும், சீரான சுவர்த் தடிமன் கொடுப்பதும், ஆரம் குறிப்பிட்டு விளிம்பை உருட்டுவதும் கேட் மென்பொருளுக்கு எளிதல்ல. அது நர்ப்ஸ் எனப்படும், கணிதச் சமன்பாடுகளால் வரையறுக்கப்பட்ட மென்மையான பரப்புகளை எதிர்பார்த்து எழுதப்பட்டது. சப்டி (சப்டிவிஷன்) முறையில், அதாவது எளிய வலையைத் திரும்பத் திரும்பப் பிரித்து மென்மையாக்கி, வடித்த உருவத்தை அந்த எதிர்பார்ப்புக்கு ஏற்றபடி கொண்டுசேர்ப்பது எப்படி என்பதை, இதே டிரில் மெஷின் உறையை எடுத்துக்காட்டாக வைத்து, பிளெண்டரில் தொடங்கி ரைனோ 8 வழியாக ஸ்டெப் கோப்பு வரை இக்கட்டுரை விளக்குகிறது. மாற்றும் கட்டளை ஒன்றுதான்; அதை அழுத்துவதற்கு முன் செய்யும் வேலையே விளைவைத் தீர்மானிக்கிறது என்பதால், கட்டுரையின் பெரும்பகுதி அந்த முன்வேலையைப் பற்றியது.

இரண்டு பரப்புகளும் சந்திக்கும் இடம்

சப்டி என்று நாம் சுருக்கமாகச் சொல்வது பெரும்பாலும் எட்வின் கேட்மல், ஜிம் கிளார்க் ஆகிய இருவர் 1978இல் வெளியிட்ட முறையையே குறிக்கிறது. நாம் கையால் அமைக்கும் கூட்டின் (புள்ளி, விளிம்பு, முகங்களால் ஆன எளிய வலையின்) ஒவ்வொரு முகத்தையும் நான்காகப் பிரித்து, புள்ளிகளைச் சராசரி விதிகளின்படி நகர்த்தி, அதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டே போனால் கூடு ஒரு மென்மையான இறுதிப் பரப்பை நோக்கிச் செல்கிறது. திரையில் தெரிவது இரண்டாம் அல்லது மூன்றாம் சுற்றின் தோற்றம் மட்டுமே. கணிதப்படி உண்மையான உருவம் அந்த இறுதிப் பரப்புதான்.

அவ்விருவரும் இந்த விதிகளை முப்படி பி-ஸ்ப்லைன் (கட்டுப்பாட்டுப் புள்ளிகளால் வடிவம் பெறும் ஒருவகை மென்மையான) பரப்பிலிருந்தே வருவித்தார்கள் என்பது நமக்கு மிகவும் சாதகமான செய்தி. ஒரு முனைப்புள்ளியில் நான்கு விளிம்புகள் சந்தித்தால் அதை ஒழுங்கான புள்ளி என்போம். ஒரு நாற்கர முகத்தின் நான்கு மூலைகளும் ஒழுங்கானவையாகவும், அதைச் சுற்றியுள்ள முகங்களும் நாற்கரங்களாகவும், அருகில் கிரீஸ் (மென்மையாக்காமல் கூர்மையாக வைத்த விளிம்பு) எதுவும் இல்லாமலும் இருந்தால், அந்த முகமும் அதன் சுற்றமும் சேர்ந்து தரும் 16 புள்ளிகள் ஒரு முப்படி பி-ஸ்ப்லைன் பேட்ச்சின் (பரப்புத் துண்டின்) கட்டுப்பாட்டுப் புள்ளிகளாகவே அமைந்துவிடுகின்றன. பி-ஸ்ப்லைன் என்பது நர்ப்ஸின் ஒரு தனி வகை. ஆகவே இத்தகைய இடங்களில் மாற்றம் தோராயமானதல்ல; சற்றும் பிசகாத அதே பரப்புதான் வேறு பெயரில் எழுதப்படுகிறது.

மூன்று விளிம்புகளோ ஐந்தோ அதற்கு மேலோ சந்திக்கும் புள்ளிகளில்தான் சிக்கல். ஸ்டார் பாயிண்ட் என்று கேட் பணியாளர்கள் அழைக்கும் இப்புள்ளியை நெருங்க நெருங்க, பேட்ச்சுகள் வளையம் வளையமாகச் சிறுத்துக்கொண்டே முடிவின்றிச் செல்கின்றன. முடிவற்ற பேட்ச்சுகளைக் கோப்பில் எழுத முடியாது என்பதால், மாற்றும் மென்பொருள் அந்த இடத்தில் எண்ணிக்கைக்கு உட்பட்ட சில பேட்ச்சுகளைத் தானே பொருத்தி அமைக்கிறது. தோராயம் நுழைவது இங்கே மட்டும்தான். புதிதாக வருவோர் ‘மாற்றினால் உருவம் கெட்டுவிடுமா’ என்று மொத்தமாக அஞ்சுவதை விட, ‘என் கூட்டில் ஸ்டார் பாயிண்ட்கள் எங்கே இருக்கின்றன’ என்று தேடிப் பார்ப்பது பயனுள்ளது.

சப்டியில் எதைச் செய்யக் கூடாது

கைக்குப் பொருந்தும் வளைவு, உடலும் கைப்பிடியும் கலக்கும் இடம், விரல் பள்ளம் ஆகியவை சப்டிக்கு உரியவை. திருகுத் துளை, பேரிங் இருக்கை, இரு பாதிகளும் பொருந்தும் தட்டையான முகம் ஆகியவை கேட் மென்பொருளுக்கு உரியவை. இந்த எல்லையைத் தொடக்கத்திலேயே வகுத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் சப்டியால் துல்லியமான வட்டத்தைத் தரவே முடியாது. வட்டத்துக்கு விகிதமுறு வளைவு (இரு பல்லுறுப்புக்கோவைகளின் விகிதமாக எழுதப்படும் வளைவு) தேவை. அது நர்ப்ஸில் உண்டு, கேட்மல்-கிளார்க் பரப்பில் இல்லை.

பிழை எவ்வளவு என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். சம இடைவெளியில் நான்கு புள்ளிகள் கொண்ட வளையங்களால் 10 மிமீ ஆரமுள்ள குழாய் ஒன்றை அமைத்தால், அதன் ஆரம் சுற்றுவட்டத்தில் ஏறத்தாழ 0.28 மிமீ வரை கூடிக் குறையும். தொட்டாலே தெரியும் அளவு அது. ஆறு புள்ளிகளில் இது 0.04 மிமீ ஆகிறது, எட்டில் 0.012 மிமீ, பதினாறில் 0.001 மிமீக்கும் கீழே. எட்டுப் புள்ளி வளையம் கண்ணுக்கு வட்டமாகவே தெரியும் என்பதால் வெளித்தோற்றத்துக்கு அது போதும். ஆனால் 22 மிமீ வெளிவிட்டமுள்ள 608 வகைப் பேரிங்கை அழுத்திப் பொருத்தும் இருக்கையில் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டரே பொருத்தத்தின் இறுக்கத்தை மாற்றிவிடும். அத்தகைய துளையைச் சப்டியில் வடிக்காமல், மாற்றிய பிறகு கேட் மென்பொருளில் உண்மையான உருளையால் வெட்டி எடுப்பதே முறை.

இதோடு இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். இறுதிப் பரப்பு பொதுவாகக் கூட்டை விடச் சிறியதாகச் சுருங்கும். எட்டுப் புள்ளி வளையத்தின் புள்ளிகளை 25 மிமீ ஆரத்தில் வைத்தால் கிடைக்கும் குழாயின் ஆரம் சுமார் 22.5 மிமீதான். 25 மிமீ வேண்டுமானால் புள்ளிகளை 25ஐ 1.109ஆல் பெருக்கி, ஏறத்தாழ 27.7 மிமீ ஆரத்தில் வைக்க வேண்டும். ஆறு புள்ளிகளுக்குப் பெருக்கு எண் 1.2, பதினாறுக்கு 1.026. டிரில் உறை உள்ளே இருக்கும் மோட்டாரில் முட்டாமல் இருக்க வேண்டும் என்பதால், இந்தக் கணக்கை முதல் நாளே போட்டுவிடுவது நல்லது.

கூட்டை அமைத்தல்

டிரில் உறையின் கூடு எளிமையானது. எட்டுப் புள்ளி வளையங்களால் ஆன ஒரு குழாய் உடலாகிறது. அதன் அடியில் இரண்டுக்கு இரண்டு என நான்கு முகங்களை நீக்கினால் எட்டு விளிம்புகள் கொண்ட ஒரு திறப்பு கிடைக்கிறது. அந்த எட்டு விளிம்புகளையும் கீழே இழுத்துக் கைப்பிடியாக்குகிறோம். உடலும் கைப்பிடியும் ஒரே எண்ணிக்கையில் இருப்பதால் முக்கோணமோ ஐங்கோணமோ இடையில் புக வேண்டியதில்லை. திறப்பின் நான்கு மூலைகளில் மட்டும் ஐந்து விளிம்புகள் சந்திக்கும். மற்ற எல்லாப் புள்ளிகளும் ஒழுங்கானவை. உடலின் இரு முனைகளையும் கைப்பிடியின் அடியையும் நான்கு நான்கு முகங்களால் மூடினால், ஒவ்வொரு மூடியின் நான்கு மூலைகளிலும் மூன்று விளிம்புகள் சந்திக்கும்.

துளையில்லாத, முழுவதும் மூடிய எந்த நாற்கரக் கூட்டிலும், நான்கிலிருந்து ஒவ்வொரு புள்ளியின் விளிம்பு எண்ணிக்கையைக் கழித்து எல்லாவற்றையும் கூட்டினால் விடை 8 ஆகவே இருக்கும். நம் டிரில்லில் மூன்று மூடிகளிலும் சேர்த்து 12 மும்முனைப் புள்ளிகள்; சந்திப்பில் 4 ஐம்முனைப் புள்ளிகள்; 12 கழித்தல் 4 சமம் 8. கணக்கு சரியாக வருகிறது. இதிலிருந்து தெரிய வருவது என்னவென்றால், இத்தகைய மூடிய உருவத்தில் ஸ்டார் பாயிண்ட்களை ஒழிக்கவே முடியாது; எங்கே வைப்பது என்பதை மட்டுமே நாம் தேர்ந்தெடுக்கலாம். அந்தத் தேர்வில்தான் அனுபவம் தெரிகிறது.

என் பரிந்துரை மூன்று இடங்களைத் தவிர்ப்பது. முதலாவது, ஒளி வழுக்கிச் செல்லும் பெரிய பளபளப்பான பக்கம். அங்கே வளைவின் சிறு தடுமாற்றமும் பிரதிபலிப்பில் சுளிப்பாகத் தெரியும். இரண்டாவது, பின்னர் துளை, திருகுத் தூண், பிரிகோடு ஆகியவை கடக்கப்போகும் இடம். மூன்றாவது, கிரீஸ் விளிம்பின் மேல் அல்லது அதை ஒட்டிய இடம். நம் கூட்டில் சமச்சீர்த் தளம் திறப்பின் நடுவே, வளையங்களின் புள்ளிகள் வழியாகச் செல்லுமாறு அமைத்தால், நான்கு ஐம்முனைப் புள்ளிகளும் பக்கத்துக்கு இரண்டாகத் தளத்திலிருந்து விலகி நிற்கும். உறையை இரு பாதிகளாகப் பிளக்கும்போது வெட்டுக்கோடு ஒழுங்கான பேட்ச்சுகளின் எல்லையிலேயே செல்லும். ஆறோ ஏழோ விளிம்புகள் ஒரே புள்ளியில் சந்திக்குமாறு எக்காரணம் கொண்டும் விட வேண்டாம். அதை இரண்டு மூன்று ஐம்முனைப் புள்ளிகளாகப் பிரித்து இடைவெளி விட்டு வைத்தால் பரப்பு மிகவும் அமைதியாகிவிடும். இரண்டு ஸ்டார் பாயிண்ட்களுக்கு இடையே குறைந்தது ஒரு ஒழுங்கான புள்ளியாவது இருப்பது நல்லது.

முனை மூடிகளில் உள்ள பன்னிரண்டு புள்ளிகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. உடலையும் கைப்பிடியையும் தேவையான நீளத்தை விடப் பதினைந்து இருபது மில்லிமீட்டர் நீட்டி வைத்து, மாற்றிய பிறகு கேட் மென்பொருளில் தட்டையான தளத்தால் நறுக்கிவிட்டால், மூடிகளோடு அவையும் போய்விடும். முனையில் பரப்பு உருண்டு சுருங்கும் பகுதியும் சேர்ந்தே போவதால், டிரில் பிட்டைப் பிடிக்கும் சக் பொருந்தும் முன்முகம் உண்மையான தளமாகக் கிடைக்கிறது. இந்த ஒரு பழக்கம் புதியவர்களின் பாதிச் சிக்கலைத் தீர்க்கும்.

முகங்களின் எண்ணிக்கையைப் பொறுத்தவரை குறைவே சிறப்பு. இந்த டிரில்லை இருநூறு முகங்களுக்குள் தாராளமாக முடிக்கலாம். புள்ளிகள் கூடக் கூட, ஒவ்வொன்றும் இம்மியளவு இடம் மாறினாலும் பரப்பில் அலை தோன்றும்; அந்த அலை பிளெண்டரின் மங்கலான திரை ஒளியில் தெரியாமல், பரப்பின் மேல் கருப்பு-வெள்ளைப் பட்டைகளைப் பிரதிபலிக்கச் செய்து பார்க்கும் ஸீப்ரா கோடுகளில் வெளிப்படும். வடிவத்துக்குத் தேவைப்படும் இடத்தில் மட்டும் புதிய வளையத்தைச் சேர்க்க வேண்டும்.

கூர்மையான விளிம்புகளைப் பற்றி இரண்டு கருத்துகள் உண்டு. விளிம்பின் இருபுறமும் நெருக்கமாக வளையங்கள் போட்டு அதை இறுக்குவது பிளெண்டரில் பலருடைய வழக்கம். படம் வரைவதற்கு அது நன்று. கேட் பணிக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அப்படிக் கிடைக்கும் வளைவுக்குச் சொல்லத்தக்க ஆரம் இல்லை, மாற்றியபின் நீளமாகவும் மெல்லியதாகவும் வார் வாராகப் பேட்ச்சுகள் விழும், அவற்றின் மேல் தடிமன் கொடுக்கும்போது கட்டளை தோற்கும். விளிம்பை முழுக் கிரீஸாக வைத்து, மாற்றிய பிறகு கேட் மென்பொருளில் 1.5 மிமீ என்றோ 2 மிமீ என்றோ ஆரம் சொல்லி உருட்டுவதே தெளிவானது. வரைபடத்தில் எழுத ஓர் எண்ணும் கிடைக்கும்.

பிளெண்டரிலிருந்து வெளியே எடுத்தல்

ஏற்றுமதிக்கு முன் நான்கு சரிபார்ப்புகள் போதும். தொகுப்பு முறையில் எல்லாப் புள்ளிகளையும் தேர்ந்தெடுத்து, எம் விசை தரும் பட்டியலில் தூரத்தின்படி இணைக்கும் வசதியை இயக்கினால் ஒன்றன்மேல் ஒன்றாக ஒளிந்திருக்கும் இரட்டைப் புள்ளிகள் நீங்கும். தேர்வுப் பட்டியலில் பண்புகளின்படி தேடி, நான்கு பக்கம் அல்லாத முகங்கள் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். அதே பட்டியலில் நான்-மேனிஃபோல்ட் தேர்வு, மூன்று முகங்கள் ஒரே விளிம்பில் ஒட்டியிருப்பதையும் திறந்த விளிம்புகளையும் காட்டிக்கொடுக்கும். கடைசியாக ஷிஃப்ட்-என் அழுத்தி முகங்களின் திசையை ஒருமுகப்படுத்த வேண்டும். பொருளுக்கு அளவு மாற்றம் ஏதும் செய்திருந்தால் கன்ட்ரோல்-ஏ வழியாக அதை உறுதிப்படுத்தவும்.

சப்டிவிஷன் மாடிஃபையரை நிலைப்படுத்தாமல் (அப்ளை செய்யாமல்) கூட்டை மட்டும் அனுப்ப வேண்டும் என்பது இக்கட்டுரையில் நினைவில் வைக்க வேண்டியவற்றுள் முதன்மையானது. ஒவ்வொரு சுற்றும் முகங்களை நான்கு மடங்காக்குவதால், இருநூறு முகக் கூடு இரண்டு சுற்றில் 3,200 முகங்களாகி, அத்தனையும் பேட்ச்சுகளாக மாறி, ஸ்டெப் கோப்பைத் திறக்கவே கேட் மென்பொருள் திணறும். அதோடு, மாடிஃபையரில் இறுதிப் பரப்பைப் பயன்படுத்தும் விருப்பம் செயலில் இருந்தால், நிலைப்படுத்திய புள்ளிகள் ஏற்கெனவே இறுதிப் பரப்பின் மேலேயே அமர்ந்திருக்கும். அவற்றை ரைனோ மீண்டும் கூடாக எண்ணி மென்மையாக்கும்போது உருவம் இரண்டாம் முறை சுருங்கும். மிரர் மாடிஃபையரை மட்டும் நிலைப்படுத்திக்கொள்ளலாம். அதன் இணைப்பு வசதி இயங்கி, நடுக்கோட்டுப் புள்ளிகள் ஒன்றாகியிருப்பதை உறுதிசெய்யவும்.

ஓபிஜே கோப்பாக எழுதும்போது யுவி (படத்தைப் பரப்பில் ஒட்டுவதற்கான ஆயங்கள்), நார்மல் (முகத்தின் திசை) ஆகிய இரண்டையும் விலக்கிவிடுங்கள். யுவி மடிப்புகள் இருக்கும் இடத்தில் புள்ளிகள் பிரிந்து, மறுபக்கம் தேவையற்ற கிரீஸாகத் தோன்றும் வாய்ப்பு உண்டு. நாற்கரங்களை முக்கோணமாக்கும் விருப்பமும் அணைந்திருக்க வேண்டும். ஓபிஜே கோப்புக்கு அலகு கிடையாது. வெறும் எண்களே அதில் இருக்கும். பிளெண்டரில் ஓர் அலகு ஒரு மீட்டர் என்ற இயல்பான அமைப்பில் வேலை செய்திருந்தால், ஏற்றுமதி அளவுகோலை 1000 என்று கொடுத்தால்தான் ரைனோவின் மில்லிமீட்டர் கோப்பில் சரியாக வந்து அமரும். பிளெண்டரில் போட்ட கிரீஸ் எடைகளும் இந்தக் கோப்பின் வழியே வந்து சேரும் என்று நம்ப வேண்டாம். அவற்றை ரைனோவில் மீண்டும் போடுவதே பாதுகாப்பு. எந்தெந்த விளிம்புகள் என்பதை ஒரு ஸ்கிரீன்ஷாட்டாகப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ரைனோவில் மாற்றுதல்

மில்லிமீட்டர் வார்ப்புருவில் புதிய கோப்பைத் திறந்து, துல்லிய எல்லை 0.001 மிமீ என்று இருக்கிறதா எனப் பார்த்து, ஓபிஜேயை உள்ளே கொண்டுவரவும். உடனே நீளம், அகலம், உயரத்தை அளந்து பிளெண்டரில் இருந்த எண்களோடு ஒப்பிடுங்கள்; உருவம் படுத்துக்கிடந்தால் இறக்குமதியின்போது ஒய் அச்சை இசட் அச்சாக மாற்றும் விருப்பத்தைப் பயன்படுத்தலாம். வந்திருப்பது இன்னும் மெஷ்தான், அதாவது தட்டை முகங்களின் வலை. அதை 180 பாகைக் கோணத்தில் வெல்ட் செய்துவிட்டு (அடுத்தடுத்த முகங்களின் புள்ளிகளை ஒன்றாக்கிவிட்டு), ‘டூ-சப்டி’ கட்டளையைக் கொடுத்தால் சப்டி பொருளாகிறது. டேப் விசையை அழுத்திக் கூட்டையும் மென்மையான பரப்பையும் மாறி மாறிப் பார்க்கலாம். எதிர்பாராத இடத்தில் கூர்விளிம்பு தெரிந்தால், வெல்ட் ஆகாத விளிம்பு அங்கே கிரீஸாகியிருக்கிறது என்று பொருள். கிரீஸை நீக்கும் கட்டளையால் சரிசெய்யலாம். நாம் வேண்டுமென்று வைத்த கிரீஸ்களை இப்போது போட்டுக்கொள்ள வேண்டும். ரைனோ 8இல் அரைக் கூர்மையுள்ள மென்கிரீஸும் உண்டு என்றாலும், மேலே சொன்ன காரணத்துக்காக அதைத் தோற்றத்துக்கு மட்டும் பயன்படுத்துவது நல்லது.

அடுத்து ‘டூ-நர்ப்ஸ்’. இதன் விருப்பங்களில் இரண்டு முக்கியமானவை. முதலாவது பேக்டு, அன்பேக்டு என்ற தேர்வு. அன்பேக்டு என்றால் கூட்டின் ஒவ்வொரு முகமும் தனித்தனிப் பேட்ச்சாகும். பேக்டு என்றால் செவ்வக வரிசையில் அடுத்தடுத்து இருக்கும் ஒழுங்கான முகங்கள் ஒரே பெரிய பேட்ச்சாகச் சேரும். கேட் பணிக்குப் பேக்டுதான் பொருத்தம்: பேட்ச் எல்லைகள் குறைவாக இருந்தால் பின்னால் உருட்டவும் வெட்டவும் தடை குறைகிறது. கூட்டில் வளையங்கள் ஒழுங்காக ஓடியிருந்தால் டிரில்லின் உடற்பகுதி சில பேட்ச்சுகளிலேயே அடங்கிவிடும். ஸ்டார் பாயிண்ட்கள் தாறுமாறாக இறைந்து கிடக்கும் கூட்டில் பேக்டு என்று சொன்னாலும் துண்டு துண்டாகவே வரும்.

இரண்டாவது, ஸ்டார் பாயிண்ட்களைச் சுற்றித் தொடர்ச்சி எப்படி இருக்க வேண்டும் என்ற தேர்வு. ஜி0 என்றால் பேட்ச்சுகள் இடைவெளியின்றித் தொட்டுக்கொள்ளும், அவ்வளவே. ஜி1 என்றால் தொடும் இடத்தில் சாய்வும் ஒன்றாக இருக்கும். ஜி2 என்றால் வளைவின் அளவும் ஒத்துப்போகும். சொரசொரப்பான மேற்பரப்பு கொண்ட டிரில் உறைக்கு ஜி1 பெரும்பாலும் போதுமானது. முதலில் அதில் மாற்றிப் பார்த்து, ஸீப்ரா சோதனையில் மனம் நிறையாவிட்டால் ஜி2க்குப் போகலாம். மூல சப்டியை நீக்காமல் தனி லேயரில் பத்திரப்படுத்துங்கள். நர்ப்ஸ் ஆன பின் கூட்டைத் திருத்த வழியில்லை.

மாற்றியதைச் சோதித்தல்

முதல் சோதனை மூடியிருக்கிறதா என்பது. ‘ஷோ-எட்ஜஸ்’ கட்டளையில் திறந்த விளிம்பு ஒன்றும் இல்லை என்று வர வேண்டும். பண்புகள் பலகத்தில் மூடிய திடப் பாலிசர்ஃபேஸ் என்று காட்ட வேண்டும். ஒரே ஒரு திறந்த விளிம்பு இருந்தாலும் மறுபக்கம் அது திடப்பொருளாக வராது, வெறும் பரப்பாகவே வரும். அதை நர்ப்ஸில் ஒட்டுப்போட்டுச் சரிசெய்ய முயல வேண்டாம். கூட்டுக்குத் திரும்பிப் போய் இரட்டைப் புள்ளியையோ விடுபட்ட முகத்தையோ திருத்தி மீண்டும் மாற்றுவது வேகமானது.

இரண்டாவது ஸீப்ரா. பேட்ச் எல்லையில் கோடுகள் இடம் விலகி நின்றால் ஜி0; சேர்ந்து ஆனால் ஒடிந்து சென்றால் ஜி1; வழுக்கிக்கொண்டு சென்றால் ஜி2. ஐம்முனைப் புள்ளியைச் சுற்றிச் சிறு சுளிப்பு தெரிவது இயல்பே. அது தொல்லையாக இருந்தால் அருகிலுள்ள கூட்டுப் புள்ளிகளைச் சற்றுச் சீராகப் பரப்பி வைப்பதே மருந்து. தொடர்ச்சி விருப்பத்தை மாற்றுவதால் கிடைக்கும் பலனை விட இதனால் கிடைப்பது பெரும்பாலும் அதிகம்.

மூன்றாவது சோதனையைப் பலர் செய்வதில்லை. ஆனால் சுவர் கொடுக்கும்போது தோல்வி வருவது பெரும்பாலும் இதனால்தான். வளைவு ஆய்வில் குறைந்தபட்ச ஆரத்தைக் காட்டும் பாணியைத் தேர்ந்தெடுத்து, வெளிப்புறமாகப் புடைத்த இடங்களில் மிகச் சிறிய ஆரம் எவ்வளவு என்று பாருங்கள். உறைக்கு 2.5 மிமீ சுவர் உள்நோக்கிக் கொடுக்கப்போகிறோம் என்றால், 2.5 மிமீக்குக் குறைந்த ஆரமுள்ள புடைப்பில் உள்பரப்பு தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும். சுவர் கொடுக்கும் ஷெல் கட்டளை அங்கே நின்றுவிடும். அந்த இடத்தில் கூட்டின் வளையங்களைச் சற்று விலக்கி ஆரத்தைப் பெரிதாக்க வேண்டும். முழுக் கிரீஸாக வைத்த விளிம்புக்கு இந்தச் சிக்கல் இல்லை, ஏனெனில் அங்கே இரு பரப்புகள் தனித்தனியே உள்நகர்ந்து புதிதாகச் சந்திக்கும். உருட்டுவதை ஷெல்லுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அச்சிலிருந்து கழன்று வருமா என்பதை ‘டிராஃப்ட் ஆங்கிள்’ ஆய்வால் பார்க்கலாம். இழுக்கும் திசைக்கு ஒரு பாகைக்கும் குறைவான சாய்வுள்ள பகுதி சமச்சீர்த் தளத்தை ஒட்டியே வரும். உருண்ட உடலில் அது இயல்பானது. கைப்பிடியில் ஏதேனும் ஒரு பரப்பு இழுக்கும் திசைக்கு இணையாகத் தட்டையாக இருந்தால்தான் கவனிக்க வேண்டும்.

ஸ்டெப் கோப்பும் அதற்குப் பின்னும்

ஏற்றுமதியில் ஸ்டெப் வகையைத் தேர்ந்து ஏபி214 என்று வைத்தால் ஏறக்குறைய எல்லா மென்பொருளும் படிக்கும். எழுதிய கோப்பை அனுப்பும் முன் ஒரு புதிய கோப்பில் நீங்களே திறந்து, திடப்பொருள் ஒன்றே ஒன்றுதானா, கனஅளவு முன்பு இருந்ததுதானா என்று பாருங்கள். சாலிட்வொர்க்ஸில் இறக்குமதிப் பிழை ஆய்வும், ஃப்ரீகேடில் பார்ட் பகுதியின் வடிவச் சரிபார்ப்பும் இதற்கென்றே உள்ளன.

ரைனோ கைவசம் இல்லாதோருக்கு 90 நாள் சோதனைப் பதிப்பு முழு வசதிகளோடு கிடைக்கிறது. ஆட்டோடெஸ்க் 2011இல் வாங்கிய டி-ஸ்ப்லைன்ஸ் தொழில்நுட்பம் ஃபியூஷனின் ஃபார்ம் பகுதியில் இருக்கிறது. நாற்கர மெஷ்ஷை அங்கே டி-ஸ்ப்லைனாக்கி, ஃபார்மை முடித்தவுடன் திடப்பொருள் தானாகக் கிடைக்கும். மாய் மென்பொருளின் நான்காம் பதிப்பு ஓபிஜே கூட்டை நேரடியாகத் திறந்து நர்ப்ஸாக்கும். என்எக்ஸ், கிரியோ, காட்டியா ஆகிய பெரிய மென்பொருள்களில் இதற்கெனத் தனிப் பகுதிகளே உண்டு. எதில் செய்தாலும் கூட்டைப் பற்றி மேலே சொன்னவை அப்படியே பொருந்தும். ஆனால் ஃப்ரீகேடில் மெஷ்ஷிலிருந்து வடிவம் உருவாக்கும் கட்டளையை இதற்கு மாற்றாக எண்ண வேண்டாம். அது ஒவ்வொரு முக்கோணத்தையும் ஒரு தட்டை முகமாக எழுதித் தருகிறதே தவிர, மென்மையான பரப்பைத் தருவதில்லை. ஸ்கேன் செய்த உருவத்தையோ களிமண் பாணியில் வடித்த இலட்சக்கணக்கான முக்கோணங்களையோ கையாள ரைனோவின் ‘குவாட்-ரீமெஷ்’ உதவும் என்றாலும், ஸ்டார் பாயிண்ட்களை எங்கே வைப்பது என்று அங்கே முடிவெடுப்பது கருவிதான். தயாரிப்புக்குப் போகும் பொருளென்றால் அதன்மேல் கையால் புதுக் கூடு அமைப்பதே தகும்.

கேட் மென்பொருளுக்குள் வந்தபின் வேலையின் வரிசை இவ்வாறு அமையலாம்: முனைகளைத் தளத்தால் நறுக்குதல், ஷெல், சமச்சீர்த் தளத்தில் இரண்டாகப் பிளத்தல், பேரிங் இருக்கையும் திருகுத் தூண்களும், பொருத்து நாக்கு, கடைசியில் விளிம்பு உருட்டல். இவற்றை வரையும்போது ஸ்கெட்ச்களையும் அளவுகளையும் மூலத் தளங்களோடும் அச்சுகளோடும் கட்டுங்கள். சப்டியிலிருந்து வந்த முகங்களோடும் விளிம்புகளோடும் கட்டாதீர்கள். கைப்பிடி இரண்டு மில்லிமீட்டர் தடிக்க வேண்டும் என்று வாடிக்கையாளர் சொன்னால், கூட்டைத் திருத்தி, மீண்டும் மாற்றி, பழைய ஸ்டெப் உடலுக்குப் பதில் புதியதை வைக்க நேரும். அப்போது முகங்களின் உள் அடையாளம் மாறிவிடுவதால் அவற்றைப் பிடித்திருந்த ஒவ்வொரு அம்சமும் அறுந்துபோகும். தளங்களைப் பிடித்திருந்தவை தாமாகவே மீண்டும் கட்டமைந்துகொள்ளும். விளிம்பு உருட்டலுக்கு முகத்தைப் பிடிப்பதைத் தவிர வேறு வழியில்லை என்பதால்தான் அதை வரிசையில் கடைசியில் வைக்கிறோம். ஒவ்வொரு திருத்தத்திலும் அதை மட்டும் கையால் மறுபடி தேர்ந்தெடுத்தால் போதும்.